கொதிக்கிற வொர்ட்டும் அடைத்துக்கொண்ட வலையும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கெட்டிலுக்கு, அதாவது காய்ச்சுகிற பெரிய பானைக்கு, வடிக்கிற வால்வு மாட்ட எங்கள் கடைக்கு வந்தால், கூடவே கேட்பது "உள்ளே நல்ல பொடிக்கண் வலையா ஒண்ணு போட்டுடுங்க" என்பதுதான். டொராண்டோவில் இந்த வேலையையே செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என் காதுக்கு வருகிற தீக்காயக் கதைகளில் பல அந்த வலையில்தான் தொடங்குகின்றன.

பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸை முழுப் பூவாகப் போடுகிற காலத்தில் வலை சரியாக வேலை செய்தது, பூக்களே அதன்மேல் படிந்து வடிகட்டியாக நின்றுவிடும். இப்போது பெரும்பாலோர் போடுவது பெல்லட், ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய குளிகை. அது கொதியில் கரைந்து சேறாகி, மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) திரிந்து வருகிற புரதத்தோடு சேர்ந்து வலைக்கண்களை அப்பிவிடும். பாதிகூட இறங்காமல் ஒழுக்கு நூலாகிவிடும். அப்புறம்தான் ஆபத்து: கரண்டிக் காம்பை விட்டுக் குத்துவார்கள், ட்யூபில் வாய் வைத்து உறிஞ்சுவார்கள், இருபது லிட்டர் சூட்டோடு பானையைச் சாய்ப்பார்கள். வொர்ட் என்பது மால்ட்டை ஊறவைத்து எடுத்த, இன்னும் புளிக்காத இனிப்புச் சாறு; அதில் சர்க்கரை அதிகம், வெந்நீர் போல வழிந்து ஓடாது, வெல்லப்பாகு தெறித்த மாதிரி தோலில் ஒட்டி நின்று சுடும்.

நான் சொல்கிற ஏற்பாட்டில் வலையே கிடையாது. கொதி முடிவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்குங்கள், சுருளும் கிருமி நீங்கிவிடும். அடுப்பை அணைத்ததும் சுருளுக்குள் குளிர்நீர் விட்டு வொர்ட்டை இருபது டிகிரிப் பக்கம் ஆறவைத்து, சுருளை எடுத்துவிட்டு, சானிடைசரில் நனைத்த நீளக் கரண்டியால் ஒரே திசையில் ஓரிரு நிமிடம் வேகமாகச் சுழற்றுங்கள். மூடி போட்டு இருபது நிமிடம் தொடாதீர்கள். அடித்தளத்தில் உரசலால் வேகம் குறைந்த திரவம் நடுவை நோக்கி நகரும்போது கசடையும் இழுத்துக்கொண்டு போய்க் குவித்துவிடும். கோப்பைத் தேநீரில் இலைகள் நடுவில் சேர்வதை வைத்து 1926-இல் ஐன்ஸ்டைன் விளக்கியது இதைத்தான். பெரிய பீர் ஆலைகளில் இதற்கென்றே தனித் தொட்டி வைக்கும் முறை இங்கே கனடாவில், மோல்சன் ஆலையில், 1960-இல் உருவானது.

கசடு நடுவில் குவிகிறது என்றால், வால்விலிருந்து பானைக்குள் இறங்குகிற உறிஞ்சுகுழாயின் வாய் சுவரோரமாக, அடித்தளத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். நடுவில் வளைந்த குழாயோடு வருகிற கெட்டில்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். வால்வு மட்டத்துக்குக் கீழே வொர்ட் இறங்கியதும் வேலை செய்வது சைஃபன்தான், அதாவது குழாயில் நிறைந்து கீழே இறங்குகிற திரவமே மீதியை இழுப்பது; இணைப்பில் காற்று புகுந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் டெஃப்லான் டேப்பைச் சிக்கனம் பார்க்காமல் சுற்றுங்கள். வெல்டிங் இல்லாத இணைப்பு என்றால் சிலிகோன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ட்யூபும் சிலிகோன்தான், சாதா வினைல் சூட்டில் தொளதொளவென்று ஆகி நழுவும். கடைசி ஒன்றிரண்டு லிட்டருக்கு ஆசைப்படாதீர்கள்.

வால்வைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மூடியிருக்கும்போது உள்ளே இருக்கிற உருண்டையைச் சுற்றி இனிப்பு தேங்கும், கழற்றிப் பார்த்தால் பழுப்பாகப் பிசின் ஒட்டியிருக்கும், கொதிக்கிற சூடு அந்த இடுக்குவரை சரியாகப் போவதும் இல்லை. ஸ்பானரில் மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய வால்வையே வாங்கி, முடிந்தால் ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் பிரித்துக் கழுவுங்கள். கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில், கையுறை போட்டு, ஸ்டீல் ஜக்கில் ஒரு லிட்டர் பிடித்துத் திரும்பப் பானையிலேயே ஊற்றுங்கள். கைப்பிடியில் பூட்டு இருக்கட்டும், குழந்தைகளின் கை எட்டுகிற உயரத்தில்தான் பெரும்பாலும் அது இருக்கிறது.

பட்டுவிட்டால் நனைந்த துணியைக் கழற்றி இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை என்றாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குளிருக்குப் பயந்து புரொப்பேன் அடுப்பைக் கராஜுக்குள் கொண்டுபோக வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சொந்த உபயோகத்துக்குச் சட்டம் இடம் தருகிறது, அங்கே உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம்.

புதுக் கெட்டில் என்றால் முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பி வடித்துப் பாருங்கள். அடியில் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பானையிலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள், அடுத்த முறை அந்த அளவைக் கூட்டிக் காய்ச்சினால் போதும்.