உங்கள் நாற்றுக்குக் குளிரவில்லை, வெளிச்சம் போதவில்லை

இந்த வாரத்தில் இது ஐந்தாவது தட்டு. யோசனை கேட்டு வந்தவர் நாற்றுத்தட்டை மேசைமேல் வைத்ததுமே சொன்னது: "விதை சரியில்லை போல சார்." பார்த்தால் லெட்யூஸ், பச்சையாகச் சாப்பிடும் சாலட் கீரை. ஒரு குழிகூடக் காலியில்லை, எல்லாமே முளைத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் நூல் மாதிரி நீண்டு, வெளிறி, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. போட்டதெல்லாம் முளைத்த பிறகு விதையை எப்படிக் குறை சொல்வது?

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "வெளியே குளிர் சார், பாவமா இருந்துச்சு. ஹீட்டர் பக்கத்துல வெச்சேன்." வளர்ச்சி மெதுவாக இருக்கிறதே என்று வாரம் இரண்டு முறை யூரியா கரைசல் வேறு.

இலையுதிர் காலத்தில் என்னிடம் வரும் நாற்றுகளில் பாதி இப்படிப் பாவம் பார்த்தே கெட்டவை.

செடி வளரவில்லையா, குளிர்தான் காரணம். இந்த எண்ணத்தை எத்தனை பேரிடம் மாற்ற முயன்றிருப்பேன் என்று கணக்கில்லை. லெட்யூஸ், பாலக், கேல் (முட்டைக்கோஸ் இனத்துக் கீரை), கொத்தமல்லி, பார்ஸ்லி (கொத்தமல்லி மாதிரி ஒரு தழை) எல்லாமே குளிர்கால ஜாதிகள். மண் 5 டிகிரி செல்சியஸில் இருந்தால்கூட பாலக் விதை மெதுவாக முளைத்துவிடும். லெட்யூஸுக்குப் பிரச்சினையே வெப்பம்தான்: 30 டிகிரியை நெருங்கினால் பல ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். அதை வெதுவெதுப்பான இடம் தேடி வைக்கிறோம்!

இந்தப் பருவத்தில் உண்மையில் குறைவது வெளிச்சம். பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனதும் பெரும்பாலான கீரைகளும் காய்கறிகளும் வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. சாகவில்லை, நிற்கின்றன. வட அட்சரேகை 40 டிகிரியில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வாரம் வரை இந்த நிலை. 50 டிகிரியில் அக்டோபர் கடைசியிலேயே தொடங்கி பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை இழுக்கும். தென் அரைக்கோளத்தில் ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள். பூமத்திய ரேகையிலிருந்து 30 டிகிரிக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே பகல் அவ்வளவு குறையாது.

இப்படி நிற்கிற செடிக்குச் சூடு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். சேர்த்து வைத்த கொஞ்சநஞ்சத்தையும் அதிலேயே செலவழிக்கும். உரம் கொடுத்தால், எடுத்துக்கொள்ள முடியாத உப்பு வேர்ப்பக்கம் தேங்கும். ஜன்னலோரம் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்பார்கள். நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்ளும், இலைக்கு அந்த வசதி கிடையாது. வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும் என்றால் நாற்றுக்கு மேலே விளக்கு வையுங்கள். இல்லாவிட்டால் வெளியே வைத்து மெல்லிய துணி வலையால் மூடுங்கள்.

சரி, எப்போது விதைப்பது? பாக்கெட்டில் "இலையுதிர் காலம்" என்று மட்டும் போட்டிருப்பதை நம்பி மூன்று மாதத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போடக்கூடாது. உங்கள் ஊரில் பகல் 10 மணி நேரத்துக்கு இறங்கும் தேதியைப் பாருங்கள், எந்தச் சூரிய உதய அட்டவணையிலும் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைத்து 50 நாளில் அறுவடை என்று பாக்கெட் சொன்னால் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த 50 நாள் பகல் நீளும் பருவத்துக்கான கணக்கு. நவம்பர் 15 கடைசி என்றால் செப்டம்பர் 12 வாக்கில் விதை மண்ணில் இருக்க வேண்டும். அக்டோபரில் விதைத்துவிட்டு நவம்பரில் என்னிடம் தட்டைத் தூக்கி வராதீர்கள்.

தவறவிட்டவர்கள் பதற வேண்டாம். நாலைந்து இலையோடு நிற்கும் பாலக் குளிரைத் தாண்டி, வெளிச்சம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து வளரும். வெங்காயம் மட்டும் நேர்மாறு. சீக்கிரம் விதைத்து, குளிருக்கு முன்பே தண்டு பென்சில் பருமனைத் தாண்டிவிட்டால் வசந்தத்தில் கிழங்கு வைக்காமல் பூத்தண்டை நீட்டிவிடும். பெருமையாக வளர்த்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். எனக்குத்தான் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

கொத்தமல்லிக்கு இது நல்ல பருவம். நீண்ட பகலும் வெயிலும் வந்தால் உடனே பூத்துவிடும், இப்போது நிதானமாக இலை கொடுக்கும். நாம் விதை என்று போடுவது உண்மையில் இரண்டு விதை சேர்ந்த காய், லேசாக அழுத்தி இரண்டாக உடைத்துப் போடுங்கள். பார்ஸ்லி முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம். தயவுசெய்து பத்தாம் நாள் தோண்டிப் பார்க்காதீர்கள். கேரட்டை நேரடியாக நிலத்தில் விதையுங்கள், பிடுங்கி நட்டால் வேர் கிளைத்துக் கோணும். பேசில் (துளசி இனத்து மூலிகை) வேண்டவே வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே இலை கறுத்துவிடும்.

அப்புறம் தண்ணீர். குளிர்ந்த மண்ணில் ஈரம் காயாது. தினமும் ஊற்றினால் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் தண்டின் அடியைத் தின்று, நேற்று நின்ற நாற்று இன்று காலை படுத்துவிடும். விழுந்ததைக் காப்பாற்ற மருந்து கிடையாது, கேட்டு வராதீர்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் ஊற்றாதீர்கள். ஊற்றினாலும் காலையில்தான். பழைய தட்டைக் கழுவாமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். நெருக்கமாக விதைக்காதீர்கள், காற்று போகட்டும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். லெட்யூஸுக்கு அதுகூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் பல ரகங்கள் நன்றாக முளைக்கும்.

விதை மேல் உண்மையிலேயே சந்தேகமா? ஈரமான டிஷ்யூ பேப்பரில் 10 விதையைச் சுருட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதை நல்ல விதை. வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே வீரியம் குறையும், அதற்கு மட்டும் புதுப் பாக்கெட் வாங்குங்கள்.

தட்டு கொண்டுவந்தவர் கிளம்பும்போது, பாக்கெட்டில் பாதி விதை மிச்சம் இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். லெட்யூஸ் விதை மூன்று வருடம் தாங்கும், ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள், பகல் மறுபடி 10 மணி நேரத்தைத் தாண்டும் வாரத்தில் வெளியே விதைத்துத் துணி வலை போடுங்கள் என்றேன். தலையாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பி, "ராத்திரி மட்டும் உள்ளே எடுத்து வைக்கலாமா சார்?" என்றார்.