ஏற்றத்துக்கு எத்தனை பல்? ரோடு பைக் கியர் கணக்கு

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி "கிளாரிஸா, சோராவா, 105-ஆ?" என்பதுதான். ஷிமானோ நிறுவனத்தின் கியர் செட்களின் பெயர்கள் இவை, கடையிலும் அந்த வரிசையில்தான் விலை சொல்வார்கள். ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நீங்கள் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறுவீர்களா, பாதியில் இறங்கித் தள்ளுவீர்களா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெயர்கள் இல்லை. முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்ற இரண்டு எண்கள்தான். அந்த எண்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் பெரிதாகச் செலவும் ஆகாது, பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும். அதனால் பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எண்களிலிருந்து தொடங்குவோம்.

பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் செயின்ரிங். பின்சக்கரத்தின் நடுவில் அடுக்கடுக்காக இருப்பது கேசட். செயின்ரிங்கில் 50 பல், கேசட்டில் செயின் விழுந்திருக்கும் சக்கரத்தில் 25 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். 25 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு பைக்கின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும், ஆக ஒரு மிதிக்கு 4.2 மீட்டர். கியர் என்பது இவ்வளவுதான். 50க்கு 11 போட்டால் ஒரு மிதிக்கு ஒன்பதரை மீட்டர், 34க்கு 34 போட்டால் வெறும் 2.1 மீட்டர். கியரை மாற்றுவதால் உங்கள் பலம் கூடுவதில்லை. அதே வேலையை அதிக மிதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு மிதியின் பாரத்தையும் குறைத்துக்கொள்கிறீர்கள்.

இப்போது மலைக்கு வருவோம். ஆள் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலை. புவியீர்ப்பு பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 63 நியூட்டன், டயர் உருள்வதில் இன்னொரு 4. ஏற்றத்தில் போகும் மெதுவான வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ரொம்பக் கொஞ்சம்தான். தொடர்ந்து 150 வாட் கொடுக்க முடிகிறவர் இந்த ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போவார், நிமிடத்துக்கு 130 மீட்டர். முன்னால் 39, பின்னால் 25 உள்ள பழைய ரேஸ் சைக்கிளில் ஒரு மிதிக்கு 3.28 மீட்டர் நகர வேண்டும், எனவே ஒரு நிமிடத்தில் அவர் கால் 40 தடவைதான் சுற்றும். 34க்கு 28 என்றால் 51, 34க்கு 34 என்றால் 62, மண்பாதைக்கான கிராவல் சைக்கிள்களில் வரும் 30 பல் செயின்ரிங்கோடு 34 என்றால் 70.

இந்த 40க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம்தான் முழு விஷயமும். இரண்டிலும் ஆளின் உழைப்பு அதே 150 வாட், மேலே போய்ச் சேரும் நேரமும் ஒன்றுதான். ஆனால் 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) 40 சுற்றில் மிதிக்கிறவர் பெடல் மேல் சராசரியாக 21 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுக்கிறார், 70 சுற்றில் மிதிக்கிறவர் 12 கிலோதான். அதுவும் சராசரி. கிராங்க் படுக்கை வாட்டில் வரும் கணத்தில் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், மேலும் கீழும் வரும்போது கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. கனமாக மிதிக்கும்போது வேகமாகச் சுருங்கும் தசை இழைகளை உடல் கூடுதலாகக் கூப்பிடுகிறது. அவை சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடும், சோர்வும் சீக்கிரம் வரும். முழங்கால் சில்லின் பின்புறம் விழும் அழுத்தமும் விசையோடு சேர்ந்து ஏறும். மலை ஏறிவிட்டு வந்து மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சீட் உயரம், அப்புறம் கேசட்.

சின்ன கியர் பலவீனர்களுக்கு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது, அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. டூர் டி பிரான்ஸைத் தொடங்கி நடத்திய ஹென்றி டெக்ராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று 1902-லேயே எழுதினார். அந்தப் பந்தயத்தில் டீரெய்லரை, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் பொறியை, எல்லாருக்கும் அனுமதித்தது 1937-ல்தான். அதுவரை மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் ஏறினார்கள். டெக்ராஞ்ச் சொன்னதில் இயற்பியல் எதுவும் இல்லை, வெறும் வீராப்பு. இன்றைக்கு பந்தய வீரர்களே 30, 34 பல் கேசட்டோடு மலை ஏறுகிறார்கள். அவர்கள் நம்மைப்போல் இரண்டு மடங்கு வாட் கொடுக்கிறவர்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வாட் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள பவர் மீட்டர் வாங்க வேண்டியதில்லை. தெரிந்த ஓர் ஏற்றத்தில் நிதானமாக ஏறி நேரம் பாருங்கள். மொத்த எடையை 9.81-ஆலும் ஏறிய உயரத்தாலும் பெருக்கி, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து, மேலே ஒரு 10 சதவீதம் சேர்த்தால் விடை கிட்டத்தட்ட சரியாக வரும். 80 கிலோவோடு 300 மீட்டர் உயரத்தை அரை மணி நேரத்தில் ஏறினால் சுமார் 144 வாட். இந்த எண் கையில் இருந்தால், நீங்கள் அடிக்கடி போகும் மலையின் மோசமான பகுதியில் குறைந்தது 60 சுற்றாவது மிதிக்க எந்த கியர் வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். மலைக்கு மலை இது மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஏற்காட்டுச் சாலைக்குப் போதுமான கியர், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவுகளில் ஊட்டிக்கு ஏறும் செங்குத்துச் சாலைக்குப் போதாது.

சரி, சமதளத்தில் மட்டும் ஓட்டுகிறவர்கள்? சென்னை ஈசிஆர் சாலையில் வாரக் கடைசியில் ஓட்டுகிறவர்களுக்கு மலை இல்லை, கடல் காற்று இருக்கிறது. அங்கே பெரிய கேசட்டின் குறை தெரியும். மணிக்கு 30 கிலோமீட்டரில், 50 பல் செயின்ரிங்கில், பின்னால் 15 பல்லில் இருந்தால் ஒரு நிமிடத்தில் கால் 71 சுற்று சுற்றும். 17-க்கு மாற்றினால் 81. ஷிமானோவின் 11 அடுக்கு 11-34 கேசட்டில் (மிகச் சின்ன சக்கரம் 11 பல், மிகப் பெரியது 34) இடையில் ஒன்றும் இல்லை. 11-25 கேசட்டில் நடுவே 16 இருக்கிறது, 76 கிடைக்கும். குழுவாக ஒரே வேகத்தில் ஓட்டும்போது இந்த ஐந்து சுற்று வித்தியாசம் காலுக்கு நன்றாகவே தெரியும். கேசட்டின் அடுக்குகள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏறியதன் உண்மையான பயன் இதுதான், கீழே சின்ன கியரும் நடுவில் நெருக்கமான படிகளும் ஒன்றாகக் கிடைப்பது. மேல் எல்லையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 50க்கு 11-ல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கிலோமீட்டர். அதை இறக்கத்தில் தவிர எங்கே தொடப் போகிறோம்? 46க்கு 11 என்றாலே 47 வருகிறது. அந்த நான்கு கிலோமீட்டரை விட்டுக்கொடுத்து ஏற்றத்தில் ஒரு சின்ன கியர் வாங்கிக்கொள்வது எனக்கு எப்போதும் லாபமாகவே படுகிறது.

இருக்கிற சைக்கிளில் பெரிய கேசட் மாற்றலாமா என்றால், பெரும்பாலும் மாற்றலாம், ஆனால் டீரெய்லரைக் கேட்டுவிட்டு. பின் டீரெய்லருக்கு இரண்டு வேலை. கேபிள் இழுக்கும் அளவுக்கு உள்ளே வெளியே நகர்ந்து செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுவது ஒன்று, சின்ன பல்சக்கரங்களுக்கு வரும்போது மிச்சமாகும் செயினைத் தன் நீண்ட கையால் சுருட்டி இறுக்கிப் பிடிப்பது இன்னொன்று. அதனால் இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும், அது தாங்கும் மிகப்பெரிய பல்சக்கரம், அது சுருட்டக்கூடிய மொத்தப் பற்கள். முன்னால் 50, 34 என இரண்டு செயின்ரிங்குகளும் பின்னால் 11-34 கேசட்டும் என்றால் முன்னால் வித்தியாசம் 16, பின்னால் 23, மொத்தம் 39. ஷிமானோ 105 ஆர்7000 டீரெய்லரில் நீண்ட கை உள்ள ஜிஎஸ் வகை 34 பல், மொத்தம் 39 வரை தாங்கும். குட்டைக் கை உள்ள எஸ்எஸ் வகை 30 பல், மொத்தம் 35-ஓடு நின்றுவிடும். பெயர் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் மலைக்கு உதவுவது ஒன்றுதான். கேசட்டோடு செயினின் நீளமும் மாறும். பழைய செயினை அப்படியே விட்டு, பெரிய செயின்ரிங்கும் பெரிய கேசட் சக்கரமும் சேரும்படி தவறிப் போட்டால், செயின் இழுபட்டு டீரெய்லரையே பிய்த்துவிடும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேபிள் விஷயத்திலும் கவனம் வேண்டும். கியர் மாற்றும் லீவரில் ஒரு கிளிக் என்பது குறிப்பிட்ட மில்லிமீட்டர் கேபிள் இழுப்பு, அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். டியாக்ரா 4700 என்பது 10 அடுக்குதான், ஆனால் அதன் கேபிள் இழுப்பு 11 அடுக்கு செட்களோடு ஒத்துப்போகும், பழைய 10 அடுக்கு லீவர்களோடு போகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஷிமானோவின் கிராவல் செட்டான ஜிஆர்எக்ஸின் 46-30 கிராங்க் போட ஆசைப்பட்டால், அதன் செயின்ரிங்குகள் ரோடு கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும், எனவே முன் டீரெய்லரையும் ஜிஆர்எக்ஸாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில சமயம் கேசட்டை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனமாக இருக்கும்.

இனி பெயர்கள். கிளாரிஸில் 8, சோராவில் 9, டியாக்ராவில் 10, 105-ல் 11 அல்லது 12 அடுக்கு. மேலே போகப் போக எடை குறையும், லீவர் மிருதுவாக வேலை செய்யும், படிகள் நெருங்கும். பற்களின் கணக்கு மட்டும் மாறாது, 34க்கு 34 எந்த செட்டிலும் 2.1 மீட்டர்தான். செயின் வீணாக்கும் சக்தியிலும் பணத்தால் வாங்க அதிகம் இல்லை. 1999-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் செயினை அளந்து பார்த்தபோது, கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய பல்சக்கரங்களில் இழப்பு குறைவு, ஏனென்றால் கண்ணிகள் குறைந்த கோணத்தில் மடங்குகின்றன. எடையைப் பார்த்தால், 80 கிலோவில் ஒரு கிலோ குறைத்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சம் 45 விநாடி. பந்தயத்தில் அது வெற்றி தோல்வி, நமக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். உச்சியிலுள்ள டுரா-ஏஸ் கேசட்டின் பெரிய சக்கரங்கள் டைட்டானியத்தில் வருகின்றன, எடை குறைவு, ஆனால் எஃகைவிடச் சீக்கிரம் தேயும். தினமும் ஓட்டுகிறவர் அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்க வேண்டுமா?

மிச்சமாகும் பணத்தை நான் டயரில் போடச் சொல்வேன். மணிக்கு 30 கிலோமீட்டரில் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் இடையே 6, 7 வாட் வித்தியாசம் சாதாரணமாக வரும், அதை வேறு எந்தப் பாகமும் இந்த விலைக்குத் தராது. ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் போடுங்கள், நம் சாலைகளுக்கு அதுதான் சரி. அடுத்து பேட் வைத்த ஷார்ட்ஸ், இதில் மட்டும் மலிவானது வேண்டாம், நாலு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். ஹெல்மெட்டில் நேர் எதிர். ஐரோப்பாவின் ஈஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி பாதுகாப்பு முத்திரை உள்ள எல்லா ஹெல்மெட்டும், விலை எதுவானாலும், அந்தந்த முத்திரைக்கான ஒரே மோதல் சோதனையைத் தாண்டி வந்தவைதான். கூடுதல் விலை பெரும்பாலும் காற்றோட்டத்துக்கும் எடைக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்துவதை வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் சைக்கிள்தான் குறைந்த பணத்தில் நல்ல பாகங்கள் கிடைக்கும் வழி, ஆனால் பார்க்கப் போகும்போது பையில் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கட்டும். செயினின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர், 24 கண்ணிகள் 304.8. அது 306.3-க்கு வந்துவிட்டால் அரை சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள், 11, 12 அடுக்கு செட்டில் செயினை மாற்றும் நேரம். 10 அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ளவற்றிலும் 307 வரை பொறுக்கலாம். அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் நீண்ட செயின் கேசட்டின் பற்களையும் தின்றிருக்கும், புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். அப்படிப்பட்ட சைக்கிளுக்கு செயின், கேசட் இரண்டின் விலையையும் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். கழித்த பிறகும் விலை படிந்தால் தயங்க வேண்டாம், எப்படியும் புது கேசட் வாங்கத்தான் போகிறீர்கள், உங்கள் மலைக்கு வேண்டிய பற்களோடே வாங்கிக்கொள்ளலாம்.