33 ஆண்டுகள் சுருதி உயர்ந்து ஒலித்த ஆல்பம்

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தைப் பழைய இசைத்தட்டில் கேட்டால்தான் உயிரோட்டம் இருக்கிறது, 1992க்குப் பிறகு வந்த பதிப்புகள் மந்தமாக ஒலிக்கின்றன என்று ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார் அடித்துச் சொல்வார்கள். வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா, பழக்கத்தின் பிடிவாதமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேறுபாடு இருக்கிறது, அளந்தும் காட்டலாம். வியப்பு என்னவென்றால், அவ்வளவு காலம் பெரும்பாலோருக்கு அது உறைக்கவே இல்லை.

அந்த ஆல்பம் 1959இல் நியூயார்க்கில் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டூடியோவில், மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிவானது. முதல் நாளில் பிரதான பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடும் நாடாவில் ஒலியலைகள் நெருக்கமாகப் பதியும். அதையே சரியான வேகத்தில் ஓட்டும்போது நொடிக்குக் கூடுதல் அலைகள் வெளிவரும், சுருதி ஏறும், தாளமும் விரையும். பிழை ஏறத்தாழ ஒன்றேகால் சதவீதம். 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரம், 445ஐத் தாண்டிவிடும். பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே உள்ள அரைச்சுர இடைவெளியில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அன்று பதிவான மூன்று இசைக்கோவைகளே தட்டின் முதல் பக்கம். 1992இல் மறுவெளியீட்டுக்காக, பாதுகாப்புக்கென்று அன்று கூடவே ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் நாடாவை எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆக, ஒரே தட்டில் முதல் பக்கம் சுருதி ஏறியும், இரண்டாம் பக்கம் சரியாகவும் ஒலித்தன. தட்டைத் திருப்பியவர்கள் ஏன் திடுக்கிடவில்லை?

ஒரு காரணம் நமக்குப் பழக்கமானதுதான். ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதான். சுரங்களுக்கு இடையிலான விகிதத்தையே மனம் பிடித்துக்கொள்கிறது. நாடாப் பிழை எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தில் உயர்த்தியதால் இசையின் உருவம் குலையவில்லை. கூடவே பியானோ வாசிக்க முயன்றவருக்கு மட்டும் எந்தக் கட்டையும் பொருந்தாமல் போயிருக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. உளவியலாளர் டயானா டாய்ச் 1970இல் செய்த சோதனை எளிமையானது. ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, ஐந்து நொடி கழித்து இன்னொன்றை ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார். இடையில் அமைதி இருந்தால் பங்கேற்றவர்கள் பிசகவில்லை. இடையில் யாரோ எண்களைச் சொன்னால்? அப்போதும் கிட்டத்தட்ட பிசகவில்லை. ஆனால் அதே இடைவெளியில் வேறு சில சுரங்களை ஒலிக்கவிட்டபோது, அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தும், ஏறத்தாழ மூன்றில் ஒரு விடை தவறானது. பேச்சால் அழியாத சுரநினைவு சுரத்தால் அழிகிறது! சுருதிக்கென்று மூளையில் தனியானதொரு குறுகியகால நினைவு இருக்கிறது, புதிதாக வரும் ஒவ்வொரு சுரமும் அதில் முந்தையதைக் கலைக்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் விளக்கம். கேட்கும் இசையே, கேட்ட சுருதியை அழித்துக்கொண்டு போகிறது. இருபது நிமிடம் இந்த ஆல்பத்தில் வாசித்த ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனில் மூழ்கியவரிடம் முதல் சுரத்தின் துல்லியமான உயரம் எப்படி மிஞ்சும்?

அப்படியானால் பழைய ரசிகர்கள் கற்பனை செய்கிறார்களா? இல்லை. பல முறை கேட்டது வேறு கிடங்கில் தங்குகிறது. உளவியலாளர் டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மனிதர்கள் 46 பேர் தங்களுக்குப் பிடித்த பாப் பாடல்களை நினைவிலிருந்து பாடினார்கள். இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது மூலச் சுருதியைத் தொட்டவர்கள் 40 சதவீதம். அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இந்த நினைவு துல்லியமானது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனால் இரு பதிப்புகளையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் தாழ்ந்த சுருதி மங்கலாகத் தோன்றுவது இயல்பு. பலமுறை எதிர்கொண்டதையே நாம் விரும்பத் தொடங்குகிறோம் என்பதையும் உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இலேயே காட்டிவிட்டார்.

சுருதியைப் பற்றிய மூடநம்பிக்கை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 432 ஹெர்ட்ஸ் நோய் தீர்க்கும், 440 உடலைக் கெடுக்கும் என்று காணொளிகள் பரவுகின்றன. 440 என்பது கருவிகளைச் சுருதி சேர்க்க 1939இல் லண்டன் மாநாட்டில் இசைந்துகொண்ட ஒரு பொதுஅளவு, அவ்வளவே. இதை நம்பிக் காசைக் கரைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கமகங்களின் நுண்ணிய அசைவுகளைப் பிரித்தறியும் ரசிகர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. அந்தக் காதுகளை ஆராய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு என் விடை: திருத்திய பதிப்பையே வாங்குங்கள், அன்று அந்த அறையில் ஒலித்த பியானோ அதுதான். பழையதே மேல் என்று நண்பர் வாதிட்டால், எது எதுவென்று சொல்லாமல் இரண்டாம் பக்கத்தையும் இரு பதிப்புகளிலும் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் வேகப்பிழை கிடையாது. அங்கேயும் பழையதையே அவர் தேர்ந்தெடுத்தால், அவர் விரும்புவது சுருதியை அல்ல, அந்தப் பதிப்பின் ஒலிச்சமநிலையையோ தட்டின் ஒலியையோதான்.