விசைப் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

'ஊவசட விசையை அழுத்தவும்.' யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டு என்னிடம் திருத்தத்துக்கு வரும் மென்பொருள் கையேடுகளில் இந்த வினோத விசையைச் சந்தித்திருக்கிறேன். அது கொன்ட்ரோல் விசைதான். எழுதியவர் விசையில் பொறித்துள்ள நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, அவற்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவைக் கொடுத்திருப்பார். பிறகு ஒருவர் ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்து, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்றியிருப்பார். சி 'ஊ' ஆனது, டி 'வ' ஆனது, ஆர் 'ச' ஆனது, எல் 'ட' ஆனது. எஸ்கேப் என்றால் 'நுளஉ'.

பழியைப் பாமினியின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் எழுதுபவர்களும் விசைப் பெயரைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதே தடித்த எழுத்தில்தான் பட்டியின் (மெனு) பெயரும் வருகிறது, பொத்தானின் பெயரும் வருகிறது, எச்சரிக்கையும் வருகிறது. விசைகளை மட்டும் பெட்டிக்குள் காட்டுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால், பக்கம் பக்கமாகக் கண்ணால் தேடுவதைத் தவிர வழியில்லை.

இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில், இது விசை என்று குறிப்பதற்கென்றே 'கேபிடி' என்ற குறிச்சொல் இருக்கிறது. கூட்டு விசையாயின், ஒவ்வொரு விசைக்கும் ஒரு கேபிடி, அவற்றைச் சுற்றி இன்னொரு கேபிடி. கையேடுகளை எழுதப் பயன்படும் குறிமொழியான டொக்புக் இன்னும் நுணுக்கமானது. விசைக்குக் 'கீகேப்', கூட்டுக்குக் 'கீகொம்போ'. அந்தக் கூட்டை ஒரே நேரத்தில் அழுத்துவதா, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதா என்பதையும் குறிக்கலாம். இதை வீண் நுணுக்கம் என்பவர்கள், 'ஆல்ட் எஃப் எஸ்' என்ற வரியைப் படித்த காசாளர் மூன்று விரல்களையும் ஒன்றாக வைத்து அழுத்துவதைப் பார்க்க வேண்டும். ஆல்ட்டும் எஃப்4உம் சேர்த்து அழுத்த வேண்டியவை. பட்டியைத் திறக்கும் ஆல்ட், எஃப், எஸ் வரிசையாக வரவேண்டியவை. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

நிறுத்தற்குறி விசைகள் அதைவிட மோசம். 'கொன்ட்ரோல்+.' என்று வாக்கியம் முடிந்தால், அந்தப் புள்ளி விசையா, முற்றுப்புள்ளியா? திரையைப் பெரிதாக்கும் 'கொன்ட்ரோல்++' என்பதில் எந்தக் கூட்டல் குறி இணைப்பு, எது விசை? பெட்டிக்குள் அடைபட்ட விசைக்கு இந்தக் குழப்பம் இல்லை.

நம் கையேடுகளின் வாசகர்கள் நல்லூரிலும் கொக்குவிலிலும் மட்டும் இல்லை. ஜேர்மனியில் இருக்கும் உறவினர் அதே மென்பொருளைத் திறந்தால், அவருடைய விசைப்பலகையில் கொன்ட்ரோல் என்ற பெயரே இராது; 'ஸ்டொய்யருங்' என்பதன் சுருக்கம்தான் இருக்கும். 'கீழ் எழுத்து வரிசையில் முதலாவதாக உள்ள இசட்' என்று எழுதினால் அவருக்கு அங்கே 'வை' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பிரான்சில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும். டொக்புக்கில் கீகேப்பின் தொழிலைக் 'கொன்ட்ரோல்' என்று குறித்து, பெயரை வெறுமையாக விட்டால், வெளியீட்டு மொழிக்கேற்ற பெயரை, ஆவணத்தின் தோற்றத்தை அமைக்கும் நடைதாளே இட்டுக்கொள்ளும்படி செய்யலாம்.

தமிழ்த் தட்டச்சு பற்றிய கையேடுதான் உண்மையான சோதனை. எஃப் விசை பாமினியில் 'க', தமிழ்99 என்ற இன்னொரு விசைப்பலகை அமைப்பில் மெய்யெழுத்தின் புள்ளி. 'க விசையை அழுத்தவும்' என்று எழுதுபவர் எந்த விசையைச் சொல்கிறார்? விசையின் மேல் அச்சான எழுத்து வேறு, அது திரையில் தரும் எழுத்து வேறு. விசைக்குக் கேபிடியையும், திரையில் தோன்றும் எழுத்துக்கு 'சாம்ப்' குறிச்சொல்லையும் கொடுத்துப் பிரித்துவிடுங்கள். வேர்டில் எழுதுபவர்கள் 'விசை' என்ற பெயரில் எழுத்துப் பாணி ஒன்றை உருவாக்கிக்கொள்ளட்டும். தப்பு நேர்ந்தாலும், அந்தப் பாணியைத் தேடி எல்லாவற்றையும் ஒரே தடவையில் மீட்டெடுக்கலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் ஒன்று செய்வேன். விசைப் பாணியின் நிறத்தைக் கடும் சிவப்பாக்கிவிட்டு ஆவணத்தைப் புரட்டுவேன். கறுப்பில் நிற்கும் என்ரர், டிலீற் எல்லாம் குறியிடாமல் விட்டவை. அவற்றைக் குறியிட்ட பிறகு நிறத்தைப் பழையபடி மாற்றிவிடலாம்.