ஷாக் வாங்கும் முன்: பழைய பிக்கப்பின் முன்பக்கச் சத்தமும் ஸ்டீயரிங் ஆட்டமும்

"முன்னாடி சத்தம் வருது, ஷாக் வாங்கிட்டேன், மாட்டிக் கொடுங்க." புது ஷாக் அப்சார்பர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் கேரேஜுக்கு நிறைய வருகிறார்கள். ஓமானில் நகரத்தை விட்டு உள்ளே போனால் 1990-களின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆடும் பேரீச்சம்பழமும் தண்ணீர் டேங்கும் அதில்தான் போகின்றன. மண்பாதைகளில் குறுக்காக விழும் சின்னச் சின்ன மேடுகள் முன்பக்கத்தை மெதுவாகத் தின்றுவிடும். ஓட்டுகிறவர்களில் நம் ஆட்களும் பலர் என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

ஷாக் போனால் வண்டி குதிக்கும், பள்ளம் தாண்டிய பிறகும் ஊஞ்சல் போல ஆடும். டொக் டொக் என்று அடிப்பது பெரும்பாலும் வேறு இடம். ஷாக்கிலேயே அடித்தாலும் அநேகமாக அதன் மேல், கீழ் முனையில் உள்ள ரப்பர் புஷ்தான். அதனால் பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார்.

முதலில் காசு ஆகாத வேலைகள். டயரில் காற்று சரியா? பேட்டரி கிளாம்ப் இறுக்கமா? சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி உருள்கிறதா? சிரிக்காதீர்கள், சஸ்பென்ஷன் சத்தம் என்று வந்து ஜாக்கியைக் கட்டிப்போட்டதோடு திரும்பிப்போன வண்டிகள் உண்டு.

அப்புறம், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இதை ஓட்டுகிறவர்தான் சொல்ல முடியும், மெக்கானிக்கால் முடியாது. சின்ன மேடுகளில் கடகடவென்று வேகமாக வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) அதன் புஷ்ஷையும் சந்தேகப்படலாம். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு அக்கம்பக்கத்தில் மெதுவாக ஒரு சுற்று போய் வந்தால் தெரிந்துவிடும். பிரேக்கை மிதித்ததும் ஒரே ஒரு 'டங்' என்றால் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் கை) புஷ், இல்லையென்றால் பிரேக் காலிப்பர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது 'டொக்' என்றால் பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரப் பக்கத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) பக்கம் பாருங்கள். கதவு கிறீச்சிடுவது போல மெதுவான சத்தம் வந்தால் புஷ்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எதில் தெளித்ததும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்குகிறதோ அந்த ரப்பர்தான். டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். ரப்பர் ஊறி, உப்பி, சீக்கிரமே பிய்ந்துபோகும்.

பால் ஜாயிண்ட் பார்ப்பதில்தான் பெரிய குளறுபடி நடக்கிறது. ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுத்து வீலைப் பிடித்து ஆட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். வண்டியின் பாரத்தைச் சுமக்கும் ஜாயிண்ட்டில் அழுத்தம் இருக்கும்வரை தேய்மானம் வெளியே தெரியாது. டார்ஷன் பாரோ (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) ஸ்பிரிங்கோ எந்த ஆர்மில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த ஆர்மின் பால் ஜாயிண்ட்தான் பாரம் சுமப்பது. அது லோயர் ஆர்ம் என்றால், லோயர் ஆர்முக்கு அடியில் பால் ஜாயிண்ட்டை ஒட்டி ஜாக்கி கொடுக்க வேண்டும். டார்ஷன் பார் உள்ள பழைய ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவில் அது அப்பர் ஆர்மைப் பிடித்திருக்கும். அங்கே அப்பர் ஆர்முக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு கட்டையைச் செருகிவிட்டு, சேசிஸைத் தூக்க வேண்டும். எப்படித் தூக்கினாலும் சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். பிறகு டயருக்கு அடியில் லிவர் விட்டு மேலே நெம்ப, இன்னொருவர் ஜாயிண்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது, பேரிங்கா பால் ஜாயிண்ட்டா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

பால் ஜாயிண்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கி வெளியே சாய்ந்துவிடும், ஓடும் வண்டியில் பிறகு செய்ய ஒன்றுமில்லை. 2005-இல் டொயோட்டாவே அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா உள்ளிட்ட ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை முன்பக்க லோயர் பால் ஜாயிண்ட்டுக்காகத் திரும்ப அழைத்தது. சத்தமும் ஸ்டீயரிங் கனப்பதும்தான் அதற்கும் முன் அறிகுறிகள்.

இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் முன்பக்கம் தூக்கலாக நிற்க வேண்டும் என்று டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி ஏற்றுகிறீர்கள். ஆர்ம் கீழே இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டாப்பரில் போய் மோதும். அந்தச் சத்தத்துக்கு எந்தப் பார்ட்டை மாற்றினாலும் பலனில்லை, போல்ட்டைத் தளர்த்தினால் போதும்.

சரி, ஸ்டீயரிங். "அண்ணே, அலைன்மெண்ட் போட்டும் வண்டி அலையுதே" என்பார்கள். ஜாயிண்ட்டில் ஆட்டம் இருக்கும்போது போட்ட அலைன்மெண்ட் மெஷினை விட்டு இறங்கியதுமே போய்விடும். முதலில் ப்ளே எவ்வளவு என்று அளந்து பாருங்கள். வீல் நேராக இருக்க, டயர் அசையாமல் ஸ்டீயரிங் விளிம்பு எவ்வளவு தூரம் நகர்கிறது? டொயோட்டாவின் பல மாடல்களுக்கு 30 மில்லிமீட்டர்தான் உச்சம். அதற்கு மேல் என்றால், வண்டியைத் தூக்காமல், நான்கு டயரும் தரையில் நிற்க, எஞ்சினை ஓட்டத்தில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகங்களை மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்: காலம் கப்ளிங், ஸ்டீயரிங் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், ரிலே ராடு, ஐட்லர் ஆர்ம், டை ராடு எண்ட். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் இடம்தான் குற்றவாளி.

இந்த ஹைலக்ஸ்களில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் ஐட்லர் ஆர்ம், அதாவது ரிலே ராடின் மறுமுனையைச் சேசிஸில் தாங்கும் கை. அதன் புஷ் தேய்ந்தால் ரிலே ராடின் அந்த முனை மேலும் கீழும் துள்ளும், மேடு ஏறும்போதெல்லாம் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். நேர்ரோட்டில் ஓட்டுநர் சும்மா திருத்திக்கொண்டே போவது இதனால்தான். கையால் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், பக்கவாட்டில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அப்படியே பாக்ஸ் போல்ட்டுகள் இறுக்கமா, அவை பிடித்திருக்கும் இடத்தில் சேசிஸில் விரிசல் உண்டா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கும் அவசரத்தில் வருகிறவர்கள், பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்குரூவைத் திருகி "ஆட்டத்தை எடுத்துவிடுங்கள்" என்பார்கள். மற்ற எல்லா ஜாயிண்ட்டும் சரியான பிறகு, வீல் நேராக இருக்கும்போது, கொஞ்சமாகத் தொட வேண்டிய ஸ்குரூ அது. அதிகம் இறுக்கினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, உள்ளே கியரும் சீக்கிரம் தேயும்.

ஆர்ம் புஷ் மாற்றிக்கொண்டால் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கம், வண்டி சக்கரத்தில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். காசில் நட் (தலையில் வெட்டு உள்ள நட்) உள்ள இடங்களில், அது கழலாமல் குறுக்கே போடும் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட விடாதீர்கள், புதிது அற்ப விலைதான். இவ்வளவும் முடிந்த பிறகு அலைன்மெண்ட் போடுங்கள்.