கேங் என்றால் குண்டர் கும்பலா?

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சமூக மண்டபத்தில் ஒரு படம் போட்டார்கள். சுயாதீனத் தமிழ்ப் படம். கதை நடப்பது கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம். இலங்கைப் போருக்குத் தப்பிப் போன குடும்பங்களின் பையன்கள் கேங் கேங்காகப் பிரிந்து வெட்டிக்கொள்கிற கதை. படத்துக்கு முன்னால் ஒரு தம்பி மேடையேறி, "புலம்பெயர்ந்த இளைஞர் குண்டர் கும்பல்களைப் பற்றிய திரைப்படம்" என்று அறிவித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் படிக்கும் பெண். காதருகே குனிந்து, "ஐயா, குண்டா இருக்கிறவங்க படமா?" என்று கேட்டாள்.

சிரிப்பு வந்தாலும் அவள் கேட்டதில் தப்பு இல்லை. கேங் என்பதைக் குண்டர் கும்பல் என்று மொழிபெயர்ப்பது இந்த வருஷத்தில் மட்டும் என் காதில் விழுவது நாலாவது தடவை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேங் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் நடை, போதல் என்றுதான் பொருள். ஆஃப்ரிகான்ஸில் இதே எழுத்துக்கூட்டலோடு இருக்கும் சொல்லுக்கு இன்றும் நடைபாதை, தாழ்வாரம் என்று பொருள். ஆங்கிலத்தில் அது ஒன்றாகப் போகிறவர்கள் ஆயிற்று, பிறகு ஒன்றாக வேலை செய்கிறவர்கள், பிறகுதான் ஒன்றாகக் குற்றம் செய்கிறவர்கள். அவ்வளவுதான் வரலாறு.

எங்கள் நாட்டில் தமிழர் வாயில் முதலில் ஏறியது ஒன்றாக வேலை செய்கிறவர்கள் என்ற நடுப்பொருள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலானவர்கள் போன இடம் கரும்புத் தோட்டம். தோட்டத்தில் ஆட்களைக் கேங் கேங்காகப் பிரிப்பார்கள், மேலே கங்காணியாக ஒரு சிர்தார் நிற்பார். டோங்காட் பக்கம் கரும்பு வெட்டிய என் ஆயா, "நான் ஒரு கேங்கு, உங்க தாத்தா வேற கேங்கு" என்று சாதாரணமாகச் சொல்லுவார். தமிழ்நாட்டு மின்வாரியத்தில் கம்பம் நடுகிறவருக்கும் இன்றைக்குக் கேங்மேன் என்றுதான் பெயர். குண்டர் கும்பல் என்று மொழிபெயர்ப்பவர்கள் இவர்களையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

இப்போது அந்தத் தொடரையே பிரித்துப் பார்க்கலாம். குண்டர் என்ற சொல் தேவாரத்தில் இருக்கிறது, சமணத் துறவிகளை ஏசுகிற இடங்களில். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்று நாம் சொல்லும் குண்டர் இந்தி குண்டாவின் பிள்ளை. 1982-ல் தமிழ்நாட்டில் வந்த தடுப்புக் காவல் சட்டத்துக்குக் குண்டர் சட்டம் என்று மக்கள் பெயர் வைத்தார்கள், சொல் ஊன்றிவிட்டது. அந்தச் சட்டத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரும் உண்டு, 2004-க்குப் பிறகு திருட்டு வீடியோ விற்கிறவரும் உண்டு. தனி ஆளாகக் கடை போட்டு சி.டி. விற்றவரையும் பிடிக்கிற சட்டத்தின் பெயர் ஒரு கூட்டத்தின் இயல்பைக் காட்டுமா?

கும்பலுக்கு வருவோம். நல்ல தமிழ்ச் சொல். கும்மி, குமிந்து, குவிந்து கிடப்பது கும்பல். ஆனால் கும்பலில் யாரும் உறுப்பினர் ஆவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் கும்பல் சேரும், விபத்து நடந்த இடத்தில் சேரும், அப்புறம் கலையும். கும்பலோடு கோவிந்தா போடுகிறவனுக்குப் பெருமாள் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. கேங் அப்படியா? அதில் சேர்வதற்கு ஒரு வழி இருக்கிறது, விலகுவதற்குப் பெரும்பாலும் வழியே இல்லை. பெயர் உண்டு, எல்லை உண்டு, மூப்பு உண்டு. டொராண்டோவில் தொண்ணூறுகளில் இருந்த ஒன்றின் பெயர் வி.வி.டி. அதாவது வல்வெட்டித்துறை. ஊரை விட்டு ஓடிவந்த பையன்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளைச் சட்டைபோல மாட்டிக்கொண்டார்கள். இதைக் கும்பல் என்றால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் சிறைகளில் 26, 27, 28 என்று எண்களையே பெயராக வைத்துக்கொண்ட கேங்குகள் இருக்கின்றன. நோங்கோலோசா என்ற ஜூலு மனிதரைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொள்கின்றன. அவரும் பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனவர்தான். தெய்வத்தை எதிர்த்த ஊர் என்று பைபிளில் நினிவேயைப் பற்றிப் படித்து, அரசாங்கத்தை எதிர்க்கும் தன் ஆட்களுக்கு நினிவேக்காரர்கள் என்று பெயர் வைத்ததாக 1912-ல் அவரே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர்களுக்குள் தளபதி உண்டு, நீதிபதி உண்டு. கும்பலுக்கு எதற்கய்யா நீதிபதி?

குண்டர் கும்பல் மலேசியத் தமிழ் நாளிதழ்களில் நிலைத்துவிட்ட தொடர், அதை மாற்றச் சொல்ல நீ யார் என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கே காவல்துறைச் செய்தியில் அது வரட்டும். போலீஸ்காரருக்குப் பிடிபட்டவன் குண்டன்தான். ஆனால் ஒரு பையன் எப்படி அதற்குள் போனான் என்று இரண்டு மணி நேரம் காட்டுகிற படத்துக்கு, தொடங்குமுன்பே மேடையில் தீர்ப்பு வாசிப்பது எந்த ஊர் நியாயம்?

மேடையில் சொன்ன தொடரின் முன்பாதியில், 'புலம்பெயர்ந்த' என்பதில், எனக்குக் குறை இல்லை. புலம்பெயர் என்பது பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. பல மொழி பேசும் தேசங்களிலிருந்து வந்த 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' பட்டினம் என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. கலந்து இனிது உறைய முடியாமல் போனவர்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. (வந்தேறி என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததையும் பார்த்தேன். அது வசவு. கையில் அகராதி இருந்தும் காது இல்லாத மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது?)

சரி, வேறு என்ன சொல்லலாம்? காடையர் இலங்கைச் சொல், ஆனால் அது 1983 கலவரத்தில் தமிழர் வீடுகளைக் கொளுத்த வந்தவர்களுக்குச் சொன்னது. அவர்களிடம் தப்பி ஓடியவர்களின் பிள்ளைகளுக்கு அதே பெயரா? மனசு ஒப்பவில்லை. கோஷ்டி எனக்குப் பிடிக்கும். 'கோஷ்டி மோதல்' என்றால் எந்தத் தமிழனுக்கும் புரியும். வடமொழிதான், அதற்காக நான் தள்ளவில்லை. கோஷ்டி என்றாலே எதிர்க்கோஷ்டி ஒன்று வேண்டும், கட்சிக்குள் நடக்கிற சண்டைதான் ஞாபகம் வரும். வைணவக் கோயிலில் பிரபந்தம் சொல்கிறவர்களும் கோஷ்டிதான். வள்ளுவர் 'வேந்தலைக்கும் கொல்குறும்பு' என்று 735-ஆம் குறளில் ஒரு சொல் வைத்திருக்கிறார். அரசனையே அலைக்கழிக்கும் கொலைகாரக் கூட்டம். அருமையான சொல், ஆனால் இன்று குறும்பர் படம் என்றால் பலூனும் ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள்.

அதே குறளின் முதல் சொல்லைப் பாருங்கள்: பல்குழு. நாட்டைக் கெடுப்பவற்றில் முதலாவதாக அவர் வைப்பது குழுக்களை. யாழ்ப்பாணத்தில் வாளோடு திரிந்த பையன்களை ஊரார் 'ஆவா குழு' என்றுதான் சொன்னார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. பெயர் முன்னால், குழு பின்னால். கனத்துச் சொல்ல வேண்டுமானால் வன்முறைக் குழு, அடிதடிக் குழு. எனக்கு இது போதும். பேச்சில் கேங் என்றே இருந்தாலும் சண்டை இல்லை.

குழு என்றால் கோயில் திருவிழாக் குழுவும் குழுதானே, குழப்பம் வராதா என்று அந்தத் தம்பி கேட்டார். எங்கள் திருவிழாக் குழுக் கூட்டத்துக்கு அவர் இன்னும் வந்ததில்லை. பொருளாளரும் செயலாளரும் நாற்காலியைத் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஆயாவுக்குக் கேங்கு என்றால் கரும்பு, எனக்கு ராத்திரியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தெருமுனை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் குழம்பாமல் பேசியிருக்கிறோம்.

அடுத்த மாதம் படத்தை டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் மறுபடி போடுகிறார்கள். 'புலம்பெயர்ந்த இளைஞர் குழுக்களின் கதை' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தம்பி வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு ஐயா. ஆனா போஸ்டர் அடிச்சாச்சே" என்றார்.