தலைகீழாகவும் ஓடும் இன்ஜின்: புல்வெட்டியிலிருந்து மாதிரி விமானத்துக்கு

பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலியோரம் புல் வெட்டுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். கருவியைச் சாய்ப்பார், பக்கவாட்டில் திருப்புவார், புதருக்கு அடியில் நுழைக்கக் கிட்டத்தட்டக் கவிழ்த்தே பிடிப்பார். இன்ஜின் நிற்காது. செயின்சாவும் அப்படித்தான். எந்தக் கோணத்திலும் ஓட வேண்டும், கையில் தூக்கும் எடையில் இருக்க வேண்டும், காற்றிலேயே சூடு தணிய வேண்டும் என்பதெல்லாம் தோட்ட வேலைக்காக வைத்த நிபந்தனைகள். விமானம் கேட்பதும் இவற்றையேதான். அதனால்தான் 25 முதல் 50 சிசி வரையுள்ள இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களை, இறக்கை விரிப்பு இரண்டு மீட்டரைத் தொடும் பெரிய மாதிரி விமானங்களில் பொருத்துகிறார்கள். இந்த வேலையில் புதிதாகச் சேர்ப்பது கொஞ்சம்தான், கழற்றுவதே அதிகம்.

கழற்றவே கூடாத பகுதி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய உலோகக் கட்டி. அதன் இரு மூடிகளையும் திறந்தால் இரண்டின் அடியிலும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். மோட்டார்சைக்கிளின் சாதாரணக் கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது மிதவை. மிதவைக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்தாக வேண்டும். கவிழ்த்தால் பெட்ரோல் வழிந்து இன்ஜின் அணைந்துவிடும். சவ்வுக்கு அந்தக் கவலை இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸில் அழுத்தம் குறைகிறது, கீழே வரும்போது கூடுகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து முதல் சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. அதுவே டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப். நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 125 துடிப்பு. இரண்டாவது சவ்வு அளவு பார்ப்பது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. இன்ஜின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, சவ்வு உள்வளைந்து ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தும். ஊசி வால்வு திறந்து, எடுத்த அளவுக்கு உள்ளே வரும்.

வெளிக்காற்று அந்தச் சவ்வைத் தொடுவதற்காக மூடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். தோட்டத்தில் அதைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை. விமானத்தில் புரொப்பெல்லர் தள்ளும் காற்று அதில் மோதினால், சவ்வுக்குப் பின்னால் அழுத்தம் மாறிக் கலவை கெட்டுவிடும். தரையில் சீராக ஓடிய இன்ஜின், மூக்குக் கூட்டை மாட்டியதும் திணறும். துளையின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு டியூபைக் காற்று அலையாத உடற்பகுதிக்குள் கொண்டுபோனால் போதும், சரியாகிவிடும். இந்த ஒரு துளையைக் கவனிக்காமல் கலவையைச் சரிசெய்யும் ஊசிகளைத் திருகித் திருகியே நாளைத் தொலைத்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். கிளட்ச், கயிறு இழுத்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் கூடு எல்லாம் போய்விடும். யோசிக்க வேண்டிய இடம் ஃப்ளைவீல். அது மூன்று வேலை பார்க்கிறது: அதன் துடுப்புகள் சிலிண்டர் மேல் காற்றை வீசும், அதன் எடை சுழற்சியைச் சீராக்கும், அதில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது ஸ்பார்க் பிறக்கும். முதல் இரண்டையும் புரொப்பெல்லர் ஏற்றுக்கொள்ளும். மிச்சம் ஸ்பார்க் மட்டும். சிலர் துடுப்புகளை லேத்தில் கடைந்தெடுத்து, ஃப்ளைவீலை இளைக்க வைத்துக் காந்தத்தை மட்டும் காப்பாற்றுவார்கள். வேறு சிலர் முழுவதையும் கழற்றிவிட்டு, புரொப்பெல்லர் மாட்டும் குடத்தில் ஒரு பொடிக் காந்தமும் அருகே அந்தக் காந்தம் கடப்பதை உணரும் ஒரு ஹால் சென்சாரும் வைத்து, பேட்டரியில் ஓடும் மின்னணு இக்னிஷனுக்கு மாறுவார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. எடை குறைவது மட்டும் காரணம் அல்ல.

பெட்ரோல் கலவை எரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே, ஏறக்குறைய 28 டிகிரி முன்னதாக, ஸ்பார்க் விழ வேண்டும். 7500 சுற்றில் அது 0.6 மில்லி நொடிதான். ஆனால் கையால் சுழற்றிக் கிளப்பும்போது அதே 28 டிகிரி மிகவும் முந்திவிடும். வெடிப்பு பிஸ்டனைத் திருப்பித் தள்ள, புரொப்பெல்லர் விரலை அடிக்கும். மின்னணு இக்னிஷன் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, வேகம் ஏற ஏற முன்னே நகர்த்தும். ஆனால் ஒன்று: ஃப்ளைவீல் காந்தத்தால் ஸ்பார்க் தரும் மேக்னெட்டோ போலல்லாமல் இது மெல்ல உருட்டினாலும் ஸ்பார்க் கொடுக்கும். எனவே சுவிட்சை அணைக்காமல் புரொப்பெல்லரைத் தொடவே கூடாது.

1930களில் மாதிரி விமானங்களின் பெட்ரோல் இன்ஜின்கள் ஸ்பார்க் பிளக்கில்தான் ஓடின. 1947-ல் ரே ஆர்டன், ஸ்பார்க் இல்லாமல் தகிக்கும் கம்பிச் சுருளால் கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கொண்டுவந்தார். காயிலும் பேட்டரியும் சுமக்கும் தேவை போயிற்று, எரிபொருள் மெத்தனாலுக்கு மாறியது. ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 20 மெகாஜூல் ஆற்றல், பெட்ரோலில் சுமார் 44. சின்ன இன்ஜினுக்கு அது பெரிதாகத் தெரியாது. பெரிய விமானத்தில் டேங்கின் அளவே மாறிவிடும். அப்புறம், குளோ இன்ஜினுக்குப் பழகிய சிலிக்கோன் டியூபைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள், ஊறி உப்பிக் கழன்றுகொள்ளும்.

வாங்குமுன் கிராங்க் ஷாஃப்டைப் பாருங்கள். மலிவான புல்வெட்டிகள் பலவற்றில் அது ஒரு பக்க பேரிங்கில் மட்டும் நிற்கும். கனமான புரொப்பெல்லரோடு விமானம் சட்டென்று திரும்பும்போது ஷாஃப்டை வளைக்கும் விசை வருகிறது. இருபுறமும் பேரிங் உள்ளதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

புரொப்பெல்லர் எவ்வளவு பெரிது? 18 அங்குலம் என்றால் அதன் நுனி ஒரு சுற்றில் 1.44 மீட்டர் போகும். நொடிக்கு 125 சுற்றில் 180 மீட்டர். ஒலியின் வேகமான 340-க்கு இது பாதிதான், அதனால் சத்தம் அடக்கமாக இருக்கும். சிறிய புரொப்பெல்லரை வெறித்தனமாகச் சுழற்றுவதை விட, பெரியதைக் கொண்டு நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் அதே சக்திக்கு இழுவை கூடும்.

கடைசியில் கலவை. விமானத்தை ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள, முழுத் திராட்டிலில் எச் என்று குறித்த ஊசியை மெல்லத் திருகி உச்சச் சுற்றைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு திருகில் எட்டில் ஒரு பங்கு திறந்துவிடுங்கள். பறக்கும்போது எதிரே வரும் காற்றால் புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று இன்னும் ஏறும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த ஆயிலும் குறையும், பிஸ்டன் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். பிறகு, பிடித்திருப்பவரை மூக்கை வானம் பார்க்கத் தூக்கச் சொல்லுங்கள். பத்து நொடி காது கொடுத்துக் கேளுங்கள். சுதி இறங்கவில்லை என்றால் ஓடுபாதைக்கு எடுத்துப் போகலாம்.